மாட்டுத் தொழுவத்துல ஒரு வாரம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. போன்ல கேட்டவங்க எல்லாருக்கும் ஒரே பதில்தான், மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பிசானம் அறுத்து முடிச்சாச்சு, கார் நடவுக்கு ஜூன் ஆகணும். நடுவுல வயல் காய்ஞ்சு கிடக்கும்போதுதான் நம்ம மாதிரி ஆட்கள் ஊரை விட்டு நகர முடியும்.

மகள் பர்மிங்ஹாம்ல நர்ஸா இருக்கா. மே மாசக் கடைசி வாரம் பேரனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. அந்த ஒரு வாரம் எங்கயாவது கிராமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்கலாம்னு மாப்பிள்ளை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கிராமத்துல இருந்து புறப்பட்டு, ரெண்டு பிளேன் மாறி வந்து, மறுபடியும் கிராமத்துக்கா?

ஆனா அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்த கதையை எழுதணும்னு அப்பவே தோணிச்சு. ஏன்னா கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நான் இங்க ஒரு காரியம் பண்ணிட்டுப் போயிருந்தேன். எங்க அப்பா கட்டின பழைய வீடு, அதை ஒட்டின மாட்டுத் தொழுவம், முன்னால தென்னை நிக்கிற இடம், எல்லாம் சேர்த்து நாப்பது சென்ட். குத்தாலம் போற ரோட்டுக்குப் பக்கம். மெட்ராஸ்காரர் ஒருத்தர் சனி ஞாயிறு வந்து தங்க வீடு கட்டணும்னு கேட்டு வந்தார். தரகர் ஐம்பதாயிரம் அட்வான்ஸைக் கையில வச்சுட்டுப் போயிட்டார். பத்திரத்தை நான் திரும்பி வந்ததும் முடிக்கிறதாப் பேச்சு. நகைக் கடன் இருக்கு, வட்டி ஏறிக்கிட்டே போகுது. மாடு வித்து நாலு வருஷம் ஆச்சு, தொழுவம் சும்மாதான் கிடந்தது. அதனால தப்பு ஒண்ணும் பண்ணலைன்னுதான் நினைச்சுட்டுப் பிளேன் ஏறினேன்.

இப்ப வீட்டுக் கதைக்கு வாறேன்.

போற ஊர் வேல்ஸ் நாட்டுல டவி ஆத்துப் பள்ளத்தாக்குல இருக்கிற மஹன்லெத்னு ஒரு சந்தை ஊர். பர்மிங்ஹாம்ல இருந்து ஷ்ரூஸ்பரி, வெல்ஷ்பூல் வழியா மேற்கே போகணும். ரயிலும் அதே வழியா நேரா வருது, அபரிஸ்ட்வித்துக்குப் போற வண்டி. அந்த ஊர்ப் பேரை நான் தமிழ்ல எழுதியிருக்கிறது சரியான உச்சரிப்பு இல்லை. அவங்க பாஷையில ரெண்டு 'எல்' சேர்ந்து வந்தா நாக்கை மேல ஒட்ட வச்சு பக்கவாட்டுல காத்தை ஊதணும். இங்கிலீஷ்காரங்களுக்கே அது வராது. நம்ம ழகரம் வெளியாட்களைப் படுத்துற பாட்டை அவங்களுக்கு அந்த எழுத்து படுத்துது.

ஒரு ராத்திரி சாப்பிட்டுட்டு எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தோம். மகள் மூணு வீட்டை எடுத்து வச்சிருந்தா.

முதல் வீடு ஊருக்குள்ளேயே, வரிசையா ஒட்டிக் கட்டின கல்வீடு. கடைக்கும் சந்தைக்கும் நடந்தே போகலாம். ஆனா மாடிப்படியைப் படத்துல பார்த்ததுமே எங்க வீட்டுக்காரி முழங்காலைப் பிடிச்சுக்கிட்டா. ஏணியை வீட்டுக்குள்ள நிறுத்தின மாதிரி இருந்தது. கக்கூஸ் மாடியில. "ராத்திரி ரெண்டு தடவ எந்திரிக்கிற ஆளு நானு. என்னயக் கொல்லவா கூட்டிட்டுப் போறீய?"ன்னு கேட்டா. அதோட அது கழிஞ்சுது. காரை நிறுத்தவும் இடம் இல்லை, தெருவுல எங்க இடம் கிடைக்குதோ அங்க விடணுமாம்.

ரெண்டாவது வீடு மலைமேல தனியா நின்னது. பேரு 'ஹாவோத்'. பார்க்க அவ்வளவு அழகு. கண்ணாடிச் சுவரு, அதுக்கு வெளிய பள்ளத்தாக்கு முழுசும் தெரியுது, வாசல்ல வெந்நீர்த் தொட்டி. பேரனுக்கு அந்தத் தொட்டியிலதான் கண்ணு. மாப்பிள்ளைக்கு அந்தக் காட்சி. மகள் விலையைப் பார்த்துட்டுப் பேசாம இருந்தா.

மூணாவது ஒரு ஆட்டுப் பண்ணைக்குள்ள இருக்கிற வீடு. தரையோட தரையா நீளமா ஒரு கட்டடம், மேல ஸ்லேட் கல் ஓடு. ரெண்டு படுக்கையறை. ஊர்ல இருந்து மூணு மைல். வாரத்துக்கு 720 பவுண்ட். நம்ம காசுக்கு எண்பதாயிரத்தைத் தாண்டுது. பள்ளிக்கூட லீவுங்கிறதால இந்த விலை, மத்த நாள்ல கம்மியாம். பேரு 'ஹென் வெய்டி'.

"அப்படின்னா என்னம்மா அர்த்தம்?"னு கேட்டேன். மகள் தேடிப் பார்த்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சுட்டா. "அப்பா, பழைய மாட்டுத் தொழுவம்."

எண்பதாயிரம் குடுத்து மாட்டுத் தொழுவத்துல படுக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? நம்ம தொழுவத்துக்குக் கூரை மாத்த எண்பதாயிரம் இல்லாமதான நான் மாட்டை வித்தேன்? இதை வெளிய சொல்லலை. மனசுக்குள்ள ஓடுச்சு.

அங்க தங்கிப் போனவங்க எழுதி வச்சிருக்கிறதை எல்லாம் மகள் படிச்சா. அருமை, அற்புதம்னு பத்துப் பேர். அதைக் கேட்டு ஒண்ணும் தெரியலை, எல்லா வீட்டுக்கும் அதேதான் எழுதியிருந்தது. "குறை சொன்னவன் என்ன எழுதியிருக்கான், அதைப் படி"ன்னேன். நம்ம விதைக்கடையில அப்படித்தான கேட்போம், முளைக்காதவன் என்ன சொல்லுதான்னு. மகள் படிச்சா. அந்தத் தொழுவத்துக்கு ஒருத்தர் ரொம்பக் கம்மியா மார்க் போட்டிருந்தார். விடியக்காலம் அஞ்சு மணிக்கே ஆடு கத்துது, டிராக்டர் ஓடுது, சாணி வாடை வருது, பண்ணைக்காரர் எந்நேரமும் வாசல் வழியாப் போறார் வாறார்.

"இதையே எடு"ன்னேன்.

மாப்பிள்ளை, "என்ன மாமா, குறை சொல்லியிருக்கிற வீட்டைப் போய்..."ன்னு இழுத்தார். "மாப்ள, அங்க ஆளு குடியிருக்காங்கன்னு அர்த்தம். ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கு. அந்த மலைமேல இருக்கிற வீட்டுல செல்போன் எடுக்காதுன்னு போட்டிருக்கே, யாரைக் கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டேன். வீட்டுக்காரியும் படி இல்லைன்னதும் என் பக்கம் சேர்ந்துட்டா. பேரன் மட்டும் ரெண்டு நாளு என்கூடப் பேசலை.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். அங்க பெரும்பாலும் வெள்ளி இல்லைன்னா சனிதான் சாவி கைமாறும், சீசன்ல நடுவாரத்துல வீடு கிடைக்கிறது கஷ்டம். கடைசி ஒரு மைல் ஒரு கார் மட்டும் போற பாதை. ரெண்டு பக்கமும் வேலி. எதிர்ல டிராக்டர் வந்துட்டு. மாப்பிள்ளை ரிவர்ஸ் எடுத்து எடுத்து வேர்த்துப் போயிட்டார். டிராக்டர் ஓட்டி வந்தவர்தான் வீட்டுக்காரர்! அறுபத்தஞ்சு வயசு இருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். கை நம்ம கை மாதிரியேதான் இருந்தது, காய்ச்சுப் போய்.

வீட்டுக்குள்ள போனா ஒரு குறை சொல்ல முடியாது. அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர், வெள்ளை விரிப்பு. ஆனா ஹால் சுவர்ல ஒரு ஆள் இடுப்பு உயரத்துல இரும்பு வளையம் ஒண்ணை அப்படியே விட்டு வச்சிருந்தாங்க. மாட்டைக் கட்டின வளையம். ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு பளபளன்னு இருந்தது. மாடு எந்தப் பக்கம் இழுத்து நின்னிருக்கும்னு அதைப் பார்த்தே சொல்லிடலாம். நான் அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க தொழுவத்துல கட்டுத்தறி அப்படித்தான் ஒரு பக்கம் அரைஞ்சு போயிருக்கும். வீட்டுக்காரி பார்த்தா, ஒண்ணும் கேட்கலை, பையைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா.

முதல் நாள் ராத்திரியே ஒரு கூத்து. அவ புளிக்குழம்புக்குக் கடுகு, வத்தல் போட்டுத் தாளிச்சா. அந்தப் புகை மேல போனதும் கூரையில இருந்த அலாரம் கத்த ஆரம்பிச்சுட்டு. எப்படி நிறுத்துறதுன்னு யாருக்கும் தெரியலை. பண்ணைக்காரர் பாதிச் சாப்பாட்டுல ஓடி வந்தார், பின்னால அவர் சம்சாரம், அதுக்குப் பின்னால ரெண்டு நாய். தீ இல்லை, குழம்புதான்னு தெரிஞ்சதும் சிரிச்சுக்கிட்டே ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, எட்டி அலாரத்தை அமுக்கினார். சும்மா அனுப்ப முடியுமா? ஒரு கிண்ணத்துல குழம்பும் சோறும் குடுத்தோம். மறுநாள் காலையில கிண்ணம் கழுவி வாசல்ல இருந்தது, உள்ள ஆறு முட்டை. அதுல இருந்து தினமும் ஏதாவது ஒண்ணு போறதும் வாறதுமா இருந்தது. அந்தம்மா நம்ம தோசைக்கல் மாதிரி ஒரு இரும்புக் கல்லுல திராட்சை வத்தல் போட்டு வட்ட வட்டமா ஒரு பண்டம் சுட்டுக் குடுத்தாங்க, வெல்ஷ் கேக்னு பேரு. எங்க வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் கோழிக்கூட்டுப் பக்கம் அரைமணி நேரம் நின்னு பேசினாங்க. என்ன பேசினியன்னு கேட்டா, "எல்லாந்தான்"ங்கா.

பேரனுக்கு வெந்நீர்த் தொட்டி மறந்தே போச்சு. தாயில்லாத குட்டிகள் மூணை அவங்க புட்டிப்பால் குடுத்து வளர்த்தாங்க. காலையும் சாயங்காலமும் அவன்தான் பால் குடுத்தான்.

புதன்கிழமை சந்தைக்குப் போனோம். 1291-ல இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் காலத்துல அந்த ஊருக்குச் சந்தை கூட்ட அனுமதி குடுத்திருக்காங்க. எழுநூறு வருஷம் தாண்டியும் புதன்கிழமைன்னா சந்தைதான். அகலமான ஒரே தெரு, அது போய் முட்டுற இடத்துல உயரமா ஒரு மணிக்கூண்டு. தெருவோரம் கடை போட்டிருக்காங்க. பாலாடைக்கட்டி, ரொட்டி, நாத்து, காய்கறி, பழைய சாமான், துணி. நம்ம பாவூர்சத்திரம் மார்க்கெட்டோட இரைச்சல் இல்லை, ஆனா நின்னு பேசுற பேச்சு அதேதான். பாதிப் பேர் அவங்க பாஷையிலதான் பேசுறாங்க. அதே தெருவுலதான் 1404-ல ஓவைன் க்ளின்டூர்ங்கிற அவங்க தலைவர் இங்கிலீஷ் ராஜாவை எதிர்த்து நின்னு தனி நாடாளுமன்றம் கூட்டினாராம். அந்தப் பேரு சொல்லுற கல் கட்டடம் ஒண்ணு இருக்கு. ஊரோட ஜனம் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். நம்ம ஊரைவிடச் சின்னது!

வியாழக்கிழமை சாயங்காலம் பண்ணைக்காரர் என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போனார், மகளும் கூட வந்தா, அவதான் மொழிபெயர்ப்பு. அங்க மே மாசத்துல ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கு. அவருக்கு இருநூறு ஏக்கர், அது போக மலை மேய்ச்சல். இருநூறு ஏக்கர்னதும் நான் வாயைப் பிளந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அத்தனையும் புல்லுதான். மழையும் குளிரும் சரிவும் சேர்ந்து வேற ஒண்ணும் விளையாது. ஆடுதான் விளைச்சல். ஒரு ஆட்டுக்கு ரோமம் வெட்டுற கூலி, அந்த ரோமத்தை வித்தாக் கிடைக்காதுன்னார். நம்ம ஊர்ல தக்காளியைப் பறிக்கிற கூலி தக்காளியில கிடைக்காம வயல்லயே விடுறோமே, அதேதான்.

மலையில வேலி இல்லாத இடத்துலயும் ஆடு எல்லை தாண்டாதாம். தாய் ஆடு குட்டிக்குப் பழக்கிக் குடுத்துடும், இதுதான் நம்ம மலை, இதுக்கு மேல போகாதேன்னு. அதுக்கு அவங்க பாஷையில 'கனெவின்'னு ஒரு சொல் இருக்கு, பழகின மண்ணுன்னு அர்த்தம். அதனால ஒரு மந்தையை மொத்தமா வித்துட்டா, புதுசா வாங்கி விடுற ஆட்டுக்கு அந்த மலை தெரியாது. மறுபடியும் பழக்க வருஷக்கணக்கு ஆகும்.

அந்த வழியிலதான் நாங்க வேண்டாம்னு விட்ட ரெண்டாவது வீடு இருந்தது. கண்ணாடிச் சுவரு, வெந்நீர்த் தொட்டிக்கு மூடி போட்டிருந்தது. கதவுப் பக்கத்துல சாவி வைக்கிற நம்பர் பெட்டி. அந்த வாரம் ஆள் இல்லை. பண்ணைக்காரர் நின்னார். 'ஹாவோத்'னா கோடைக் குடிசை. முன்னெல்லாம் மே மாசம் மாடு கன்னை ஓட்டிக்கிட்டுக் குடும்பமே மலைமேல ஏறிடுமாம், அங்க இருக்கிறது ஹாவோத். குளிர் வந்ததும் கீழ இறங்கிடும், கீழ இருக்கிற வீடு 'ஹென்ட்ரே'. பிற்காலத்துல இந்த ஹாவோத்திலேயே ஒரு குடும்பம் வருஷம் முழுக்க இருந்து பண்ணையம் பாத்திருக்கு. அந்த வீட்டுப் பையனும் இவரும் ஒண்ணாப் படிச்சவங்க. அப்பா செத்ததும் பாகம் பிரிக்க ஏலம் விட்டாங்க. அந்தப் பையன் கேட்ட விலைக்கு மேல தூரத்துப் பட்டணத்துக்காரர் ஒருத்தர் ரெண்டு மடங்கு கேட்டுட்டார். பையன் வேற ஊருக்கு லாரி ஓட்டப் போயிட்டான். அவனோட ரெண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போச்சு. இந்த மாதிரி நாலு வீடு போனா பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க, பள்ளிக்கூடம் போனா பாஷை போயிரும். இதை அவர் கோபமாச் சொல்லலை. மழை வரும் போலிருக்குன்னு சொல்லுற மாதிரிச் சொன்னார்.

இதே ஆத்திரத்துல அந்த நாட்டுல ஒரு காலத்துல வீடுகளைக் கொளுத்தியிருக்காங்க. 1979 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1990-களோட ஆரம்பம் வரைக்கும், வெளியாட்கள் லீவுக்கு வந்து தங்குற வீடா வாங்கிப் போட்ட வீடுகள் இருநூறுக்கு மேல எரிஞ்சிருக்கு. 'க்ளின்டூரின் பிள்ளைகள்'னு ஒரு கூட்டம். சந்தைத் தெருவுல பார்த்தோமே, அந்தத் தலைவர் பேரைத்தான் வச்சிருக்காங்க. "அது தப்புதான்"னார் பண்ணைக்காரர். கொஞ்சம் கழிச்சு, "ஆனா நாங்க எல்லாரும் ஏன்னு யோசிச்சோம்"னார்.

இப்போ வரி போட்டுத் தடுக்கிறாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து, ரெண்டாவது வீடா வச்சிருக்கிற வீட்டுக்குச் சாதாரண வீட்டு வரிக்கு மேல 300 சதவீதம் வரைக்கும் கூட்டிப் போட அங்க உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கு. வாடகைக்கு விடுற வீடு தொழில் கணக்குல வரணும்னா வருஷத்துல 182 நாள் நிஜமாவே ஆள் தங்கியிருக்கணும். முன்னால 70 நாள் போதும்னு இருந்தது. பக்கத்து ஜில்லாவான க்வினெத்ல குடியிருக்கிற வீட்டை லீவு வீடா மாத்தவே அனுமதி வாங்கணும்னு 2024 செப்டம்பர்ல விதி கொண்டு வந்தாங்க. இதுல பண்ணைக்காரருக்கும் அடி. அவரும் அந்தத் தொழுவத்தை 182 நாள் நிரப்பியாகணும், குளிர்காலத்துல மழையில யார் வருவா? "பட்டணத்துக்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில நானும் மாட்டிக்கிட்டேன்"னு சிரிச்சார்.

"அப்ப ஏன் தொழுவத்தை மாத்தினீங்க?"ன்னு கேட்டேன். மனசுல வேற ஒண்ணை வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். பாலுக்கு விலை இல்லாம மாட்டை வித்தாராம். அந்தக் கட்டடம் பத்து வருஷம் சும்மா கிடந்தது. மகன் பண்ணையத்துல இருக்கணும்னா ஆட்டு வருமானம் மட்டும் காணாது. கடன் வாங்கி மாத்தினார். அந்த வாடகையிலதான் மகன் ஊர்ல நிக்கிறான். அரசாங்கம் ஒவ்வொரு பண்ணையிலும் பத்துல ஒரு பங்கு மரம் இருக்கணும்னு திட்டம் கொண்டு வந்தப்போ, 2024-ல கார்டிஃப் சட்டசபை வாசல்ல 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டு போய் வரிசையா வச்சாங்களே, இத்தனை பேர் வேலை போகும்னு காட்ட, அதுல தன் மகன் பூட்ஸும் ஒண்ணுன்னு சொன்னார்.

கடைசியா அவர் ஒண்ணு சொன்னார். மகள் ரெண்டு தடவை சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சது. "இதை நான் வித்திருந்தாலும் இதே மாதிரிதான் மாத்தியிருப்பாங்க. இதே விரிப்பு, இதே அடுப்பு. நீங்க தாளிச்ச அன்னைக்கு ஓடி வர மட்டும் ஆள் இருந்திருக்காது."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்த வளையத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அவளும் எழுந்து வந்தா, முழங்கால் வலியோ என்னமோ. "நம்ம தொழுவத்த நினைக்கிறியளா?"ன்னா. ஆமான்னேன். "நகைய நினைச்சுக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கிட்டா. அவ சொன்னதும் நியாயம்தான். அஞ்சரைப் பவுன் சங்கிலி, கல்யாணத்துக்கு அவங்க அம்மா போட்டது.

உங்கள்ல பிள்ளைகளை வெளிநாட்டுல வச்சிருக்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. அந்தப் பக்கம் வீடு எடுக்கப் போறீங்கன்னா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறேன். படத்தை நம்பாதீங்க, எல்லா அறையும் படத்துல பெருசுதான். படி எப்படி, கக்கூஸ் எந்த மாடியில, நாலு பேருக்குன்னா அதுல சோபாவையும் சேர்த்துட்டாங்களா, விரிப்பும் விறகும் வாடகையில சேர்த்தியா, போன் எடுக்குமா, கடைசி மைல் பாதை எப்படி, இதையெல்லாம் கேளுங்க. கறிவேப்பிலை, பச்சை மிளகாய் பர்மிங்ஹாம்லயே வாங்கிட்டுப் போயிடுங்க. மே மாசம்னு ஏமாறாம மழைக்கோட்டு எடுங்க. எல்லாத்துக்கும் மேல, சாவியைப் பெட்டியில இருந்து எடுக்கணுமா, ஆள் கையில இருந்து வாங்கணுமான்னு கேளுங்க. ஆள் கையில சாவி இருக்கிற வீடா எடுங்க. காசு அந்த ஊர்லயே நிக்கும், உங்களுக்கும் நாலு வார்த்தை பேச ஆள் இருக்கும்.

இனி நம்ம கதை. ஜூன் முதல் வாரம் ஊருக்கு வந்தோம். குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சிருந்தது. வந்த மூணாம் நாள் தரகரைக் கூப்பிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். அவர் என்னென்னமோ சொன்னார், கேட்டுக்கிட்டேன். என் வயசு ஆளுக்கு இது அழகில்லைன்னும் சொன்னார். அதுவும் சரிதான், வாக்குக் குடுத்துட்டு மாறினது தப்புதான். வாங்க வந்தவர் நல்ல மனுஷன், போன்ல பேசினார், ஒரு கடுஞ்சொல் இல்லை. எனக்குத்தான் கூச்சமா இருந்தது.

கடன் அப்படியே இருக்கே? தென்னை நிக்கிற இருபது சென்ட்டை மட்டும் எங்க தெருப் பையன் ஒருத்தனுக்குக் குடுத்தேன். நாலு கறவை மாடு வச்சிருக்கான், கட்ட இடம் இல்லாம ரோட்டோரம் கட்டிக்கிட்டு இருந்தான். மெட்ராஸ்காரர் சொன்ன விலை இவனால முடியாது. மொத்தத்துல ஒன்றரை லட்சம் எனக்கு நஷ்டம். பாதிக் கடன் அடைஞ்சது. வீடும் தொழுவமும் என்கிட்டயே இருக்கு. கொட்டகை போடுற வரைக்கும் அவன் மாடு நாலும் நம்ம தொழுவத்துலதான் நிக்கிது.

பண்ணைக்காரர் மாதிரி நானும் தொழுவத்தை மாத்தி வாடகைக்கு விடுவேனான்னு மகள் கேட்டா. தெரியலைம்மான்னேன். அவருக்கு மகன் ஊர்ல நிக்கிறான். எனக்கு மகள் பர்மிங்ஹாம்ல. அது வேற கணக்கு.

சங்கிலி இன்னும் பேங்க்லதான் இருக்கு. "உங்க ஆட்டுக்காரரு வந்து என் சங்கிலிய மீட்டுத் தருவாராக்கும்"னு காலையில காப்பி குடுக்கும்போதெல்லாம் கேக்கா. பதில் சொல்லுறது இல்லை. கார் நெல்லு வீடு வந்து சேரட்டும்.

நேத்துச் சாயங்காலம் அவ தொழுவத்துப் பக்கம் போனா. அந்தப் பையன் இன்னும் பால் கறக்க வரலை. இவளே ஒரு மாட்டுக்குக் கழுநீர் வச்சுட்டு, கட்டுத்தறிக் கயித்தைத் தளர்த்திக் கட்டிட்டு வந்தா. நான் பார்த்ததை அவகிட்டச் சொல்லலை.

மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கு, கரண்ட் போறதுக்குள்ள மேல வயலுக்குத் தண்ணி திருப்பணும். அடுத்த தடவை நாத்து எப்படி இருக்குன்னு எழுதுறேன்.